மூன்றாவது கிளட்ச்

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி மறுபடியும் மக்கர் செய்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறியது. சக்கரங்கள் மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கருகிய நாற்றம் உள்ளே ஏறியது. சிவசங்கர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நெருங்கிய உறவினர் தவறிய செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“கிளட்ச் போயிடுச்சு.”

பக்கத்தில் மனைவி நதியா இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே புளியமரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவசங்கர் ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். நதியா அதே ஊரில் அங்கன்வாடியைப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் இருவரின் சம்பளத்துக்கும் சம்பந்தமில்லாத அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாசலுக்கு வந்ததற்குக் காரணம் நதியாவின் தம்பி நவீன்குமார். பெங்களூரில் ஆசையாக வாங்கி ஓட்டியவன், வெளிநாட்டு வேலை கிடைத்ததும் சாவியைக் கொண்டுவந்து கொடுத்து, “வெச்சுக்குங்க மாமா, டர்போ வண்டி” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

அன்றிலிருந்து சிவசங்கருக்கு வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் கிழமை. மற்ற ஆறு நாளும் வண்டி தார்ப்பாய்க்குள் தூங்கும். அவர் பள்ளிக்கு நடந்தே போவார். ஞாயிறு காலை மலை இறங்கித் திருப்பத்தூர் வரை போய், டீ குடித்துவிட்டு, ஏறி வருவார். பின்சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை. ஒருமுறை அதில் சாமை மூட்டை ஏற்றலாமா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு மாதம் பேசவில்லை. பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்தபோதும் அவர் கவலைப்படவில்லை. டர்போ என்றால் குடிக்கத்தான் செய்யும் என்று சக ஆசிரியர்களுக்குப் பெருமையோடு விளக்கினார்.

ஒரு ஜீப்காரர் கயிறு கட்டி வண்டியைத் திருப்பத்தூருக்கு இழுத்துப் போனார். பட்டறைக்காரர் பஞ்சாட்சரம் கிளட்ச் பிளேட்டைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தேய்ந்து வழவழவென்று இருந்தது.

“ஞாயித்துக்கிழம மட்டும் ஓடுற வண்டி மாதிரி தெரியலியே சார். டெய்லி லோடு அடிச்ச பிளேட்டு மாதிரி கீது.”

சிவசங்கர் பொறுமையாகச் சிரித்தார். உராய்வுப் பாடத்தைப் பதினெட்டு வருடம் நடத்தியவர் அவர். பட்டறைச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதிக் காட்டினார். டர்போ தள்ளுகிற விசை இவ்வளவு. கம்பெனி பிளேட் பிடிக்கிற விசை இவ்வளவு. ஆகவே ஒன்று, உராய்வைக் கூட்ட வேண்டும். அல்லது, அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். பஞ்சாட்சரம் கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, எது வேண்டுமோ அதை வாங்கி வரச் சொல்லிவிட்டார்.

அன்று மாலை சிவசங்கர் போனில் கிளட்சுகளின் படங்களை வரிசையாக நதியாவிடம் காட்டினார். அவள் அங்கன்வாடி ரிஜிஸ்டரை மூடிவைத்துவிட்டு அக்கறையோடு பார்த்தாள்.

“இதுல மெதுவா பிடிக்கிறது எதுங்க?”

“மெதுவா பிடிக்கிறது வழுக்கும்மா. கெட்டியா பிடிக்கணும்.”

“மேட்டுல நிறுத்தி எடுக்கறப்ப குலுங்காம இருந்தா போதும்.”

அதெல்லாம் ஓட்டுகிறவன் பாடு என்று சொல்லி, அவர் கொஞ்சம் கெட்டியானதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

அது இரண்டு மாதம் நன்றாக உழைத்தது. மூன்றாவது மாதம் அதே மலை, அதே நாற்றம். உராய்வைக் கூட்டியும் பயனில்லை என்றால் அழுத்தத்தைத்தானே கூட்ட வேண்டும்? அடுத்ததாக, கனமான பிரஷர் பிளேட் ஒன்றை வரவழைத்து மாட்டினார்.

இப்போது கிளட்ச் பெடல் ஆட்டுக்கல் மாதிரி ஆகிவிட்டது. ஒருமுறை மிதிப்பதற்குள் இடது முழங்கால் விண்ணென்று தெறித்தது. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவர் ஒருபக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகளும் சாய்ந்து நின்றார்கள். அந்த மாதம் வீட்டில் தைலப் புட்டி பாதி மாதத்திலேயே காலியானது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டது நான்கு மாதம்தான். ஐந்தாவது மாதம் மீண்டும் பஞ்சாட்சரத்தின் பட்டறை.

இந்த முறை பஞ்சாட்சரம் உள்ளே கிளட்ச் பிளேட் உரசுகிற இரும்புச் சக்கரமான பிளைவீலைக் காட்டினார். சூட்டில் அது அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கோச்சிக்காதீங்க சார். மேட்டுல பிரேக்கு புடிக்காம, கிளட்ச்ச பாதி மிதிச்சினே வண்டிய நிக்க வெக்கிறீங்களா?”

சிவசங்கரின் முகம் சுண்டிப்போயிற்று. அந்தத் தவறைச் செய்கிறவர்களைப் பற்றி அவரே பிளஸ் ஒன் வகுப்பில் கேலியாகச் சொல்லியிருக்கிறார். தான் எப்போதும் ஹேண்ட் பிரேக் போடுகிறவன் என்று பிள்ளைகள்மேல் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பஞ்சாட்சரம் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

அந்த ரோஷத்தில்தான் மூன்றாவது கிளட்சை வாங்கினார். ரேஸ் வண்டிகளுக்குப் போடுகிற செராமிக் பிளேட். மாட்டும்போதே பஞ்சாட்சரம் எச்சரித்தார். “புடிச்சா புடி, வுட்டா வுடு. நடுவுல ஒண்ணும் கிடையாது சார்.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. காலை ஒரு நூலளவு தூக்கினால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு நூலளவு தூக்கினால் எகிறிப் பாய்ந்தது. அடுத்த நாள் தலைமை ஆசிரியர் அருணகிரிக்குத் திருப்பத்தூரில் அவசரக் கூட்டம். பஸ் போய்விட்டது. சிவசங்கரின் வண்டி தயாராக நின்றது.

அருணகிரி கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். முதல் வளைவில் மாட்டுக்கு வழிவிட நின்று கிளம்பியதில் அவர் மூக்குக்கண்ணாடி கழன்றது. இரண்டாவது வளைவில் கோப்புகள் பறந்தன. மூன்றாவது வளைவில் வண்டி ஆட்டுக்குட்டிபோல ஐந்து முறை துள்ளிவிட்டு அணைந்தபோது, அவர் நிதானமாகக் கதவைத் திறந்து இறங்கினார். அந்தப் பக்கம் வந்த பால் வண்டியை நிறுத்தி, கேன்களுக்கு நடுவில் ஏறிக்கொண்டார். போகும்போது சிவசங்கரைப் பார்த்து, நல்ல டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று அன்பாகத்தான் சொன்னார்.

அந்த வார்த்தை சிவசங்கர் மனதில் தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து தார்ப்பாயைப் போட்டு மூடியவர் அடுத்த ஞாயிறு அதை எடுக்கவே இல்லை. அதற்கடுத்த வாரம், வண்டியை விற்றுவிடப் போவதாக நதியாவிடம் சொன்னார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதலில் இருந்த மாதிரியே ஒரு சாதாரண கிளட்சை மாட்டிவிடலாமே என்று கெஞ்சினாள். தம்பி கொடுத்ததை விற்கக்கூடாது என்றாள். பிறகு, ஜமுனாமரத்தூரிலேயே இப்படி ஒரு வண்டி இல்லை என்றாள்.

சிவசங்கர் முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு ஓட்டத் தெரியல நதியா. மெக்கானிக்கும் அதத்தான் நினைக்கிறான், ஹெச்.எம்.மும் அதத்தான் சொல்றாரு. மூணு கிளட்ச்ச எரிச்சவன் நான். யாராவது நல்லா ஓட்டறவங்க கையில அது இருக்கட்டும்.”

நதியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை வேலூரிலிருந்து ஆள் வந்தார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாலும், வண்டி பிடித்திருக்கிறது என்றார். சிவசங்கர் கடைசியாக ஒருமுறை பானெட்டைத் துண்டால் துடைத்தார். பேப்பர்களை எடுத்து வரச் சொல்லி நதியாவுக்குக் குரல் கொடுத்தார். அவள் வரவில்லை.

அப்போதுதான் வாசலில் நான்கைந்து பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் பக்கத்துக் கிராமத்து மங்கம்மாள். நிறைமாதக்காரி, ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவுக்காக வந்திருப்பார்கள் என்று நினைத்து, அக்கா உள்ளே இருக்கிறாள் என்று சிவசங்கர் கைகாட்டினார்.

மங்கம்மாள் உள்ளே போகவில்லை. அவரிடமே வந்தாள். அடுப்படியிலிருந்து ஓடிவந்த நதியா, நிலைப்படியில் நின்றபடி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மங்கம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“சார், வண்டிய இப்ப குடுத்துடாதீங்க, எனக்கு இருவதாந்தேதி சொல்லிக்கிறாங்க, இதுவரிக்கும் பதினோரு பேர நதியாக்காதான் இதுல ஓட்டினு போயி ஆஸ்பத்திரில சேத்துச்சு, ஆனா அந்தப் பழைய கிளட்சையே மாட்டிடுங்க சார், போன வாரம் செக்கப்புக்குப் போறப்ப இது குலுக்குன குலுக்குல நான் ரெண்டாவது வளைவுலயே பெத்துப்புட இருந்தேன்.”