அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த இன்ஜினியர்

திருநெல்வேலிச் சீமையில் தொண்ணூறுகளில் எழும்பிய கட்டடங்கள் எல்லாம் சிமெண்டாலும் கம்பியாலும் நிற்கின்றன என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அதில் பாதிக்குப் பாதி எங்கள் ‘எதுக்கும்’ சாரின் பயத்தால் நிற்கின்றன.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் வரும். மனுஷன் வாயைத் திறந்தால் முதல் வார்த்தை ‘எதுக்கும்’தான். “எதுக்கும் இன்னொரு தடவ அளந்துருவோம்.” “எதுக்கும் ரெண்டு கம்பி கூடப் போடச் சொல்லும்.” சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, “எதுக்கும் பீரோவப் பூட்டுனமான்னு பாத்துருவோம்” என்பார். ப்யூன் ஒருத்தர் வைத்த பெயர், மேலதிகாரிகள் வரைக்கும் ஏறிவிட்டது.

நான் படிப்பை முடித்த கையோடு ஜூனியர் இன்ஜினியராகப் போய்ச் சேர்ந்தது அவரிடம்தான். வள்ளியூருக்குப் பக்கத்தில் ஓர் ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே பென்ஷன் பேப்பருக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் வீடு திருநெல்வேலி டவுண். தினமும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவோம்.

இன்ஜினியரிங் படிக்காதவர்களுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். ஒரு தளம் நூறு பேரைத் தாங்க வேண்டும் என்றால் நாங்கள் நூறு பேருக்குக் கணக்குப் போட மாட்டோம். நூற்றைம்பது பேர் ஏறுவார்கள் என்று போடுவோம். கொத்தனார் கலவையில் கொஞ்சம் கை வைப்பார், கல்யாண வீட்டில் எல்லாரும் ஒரே மூலையில் போய் நிற்பார்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். பாடப்புத்தகத்தில் இதற்குக் கௌரவமான பெயர் இருக்கிறது. உள்ளதைச் சொன்னால் அது பயம்தான். உலகத்து இன்ஜினியர்கள் எல்லாரும் பயத்தை ஒன்றரையால் பெருக்கினால், எங்கள் சார் நாலால் பெருக்குவார்.

டவுணில் அவர் கட்டிய சொந்த வீட்டைப் பார்க்க வேண்டுமே! சுவரைக்கூடச் செங்கல் வைத்துக் கட்டவில்லை, கம்பி கட்டிக் கான்கிரீட்டிலேயே வார்த்துவிட்டார். காலண்டர் மாட்ட ஓர் ஆணி இறங்காது. அடித்த ஆணியெல்லாம் வளைந்து வளைந்து விழுந்ததில், கடைசியில் காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். நான் ஒருநாள் காபி குடிக்கப் போனபோது அவர் வீட்டம்மா சொன்னார்: “இந்த வீட்ல என்னையும் சேத்து எதுவும் அசையாது தம்பி.”

அவருடைய மச்சினன் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாப்பிள்ளை ஊர்வலம் வாய்க்கால் பாலத்துக்கு வந்துவிட்டது. மேளம் தூள் பறக்கிறது, முன்னால் இருபது முப்பது பையன்கள் ஒரே குதியாகக் குதித்து ஆடுகிறார்கள். பட்டாளத்துக்காரர்கள் பாலத்தில் போகும்போது அணிநடையை விட்டுவிட்டு ஆளுக்கொரு அடியாக நடப்பார்கள், தெரியுமோ? எல்லாரும் ஒன்றுபோல மிதித்தால் பாலமும் சேர்ந்து ஆட ஆரம்பித்துவிடலாம் என்பதற்காக. இது நிஜமான விஷயம். சாருக்கு இது தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் ஓடிப்போய்க் கையை விரித்து நின்றுவிட்டார்.

“ஏலே, எல்லாரும் ஒண்ணுபோலக் குதிக்காதீங்கலே! ஆளுக்கொரு தாளத்துல ஆடுங்க!”

தவில்காரர் குழம்பிப்போனார். “அப்ப நான் எந்தத் தாளத்துல வாசிக்க அண்ணாச்சி?”

“நீங்க பாலத்தத் தாண்டுத வரைக்கும் வாசிக்கவே வேண்டாம்.”

மாப்பிள்ளை மேளச் சத்தமே இல்லாமல் பாலத்தைக் கடந்தார். பெண் வீட்டார் என்னமோ ஏதோ என்று பதறிப்போய் எதிரே ஓடி வந்தார்கள். மச்சினன் அப்புறம் ரொம்ப நாள் சாரோடு பேசவில்லை.

இதெல்லாம் விளையாட்டு. அவருடைய நாற்காலி இருக்கிறதே, அதுதான் விஷயம்.

கான்கிரீட் தளம் போட்டால் அடியில் பலகையும் சவுக்குக் கம்பு முட்டுமாகக் கொடுத்துத் தாங்கி வைப்பார்கள். கான்கிரீட் வெயிலில் காய்ந்து இறுகுகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். காய்ந்தால் கெட்டது. தண்ணீரோடு சேர்ந்துதான் அது இறுகும், அதனால் நாள்கணக்கில் தண்ணீர் கட்டி வைப்போம். அப்புறம் ஒருநாள் அந்த முட்டுகளைப் பிரிப்போம். பிரிக்கிற நேரத்தில் எல்லா இன்ஜினியருக்கும் அவசர ஜோலி வந்துவிடும். எங்கள் சார் மட்டும் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து, நேரே அந்தத் தளத்துக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொள்வார். சும்மா தைரியமாக உட்காருவார் என்று நினைக்காதீர்கள். நெற்றியெல்லாம் வியர்த்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, “நெல்லையப்பா, நெல்லையப்பா” என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

“இவ்வளவு பயம் இருக்குல்லா சார், பெறகு எதுக்கு அடியில போயி உக்காருதீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கையெழுத்துப் போட்டது நானு. சம்பந்தமில்லாதவன் எவனாவது அடியில நின்னு சாகவா?”

அந்த வருஷம் ராதாபுரம் போகிற ரோட்டில், ஓர் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில், பயணிகளுக்கு ஒரு நிழற்குடை கட்டும் வேலை வந்தது. சுற்றிலும் பனை, அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கும். நான் முதல் முதலாகத் தனியாகப் பார்த்த வேலை அது. பின்னால் மட்டும் தூண்கள், முன்பக்கம் ஆறடிக்குத் தளம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சின்னப் பாடம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் சுவர் உள்ள சாதாரணத் தளம் நடுவில் தொய்யப் பார்க்கும். அடிப்பக்கம் இழுபடும், அதனால் கம்பியை அடியில் வைக்க வேண்டும். அந்தரத்தில் நீட்டுகிற தளம் நுனியில் தொங்கப் பார்க்கும். மேல்பக்கம் இழுபடும், அதனால் கம்பி மேலே இருக்க வேண்டும். இடம் மாறிப்போனால் எத்தனை கம்பி போட்டும் பிரயோஜனம் இல்லை, ஒருநாள் மொத்தமாக மடங்கி விழும்.

கான்கிரீட் போடுகிற அன்று காலையில் நான் டேப் வைத்து ஒவ்வொரு கம்பியையும் அளந்தேன். மேல் கம்பியைத் தூக்கி நிறுத்த வளைத்து வைத்த சின்னக் கம்பி முட்டுத் துண்டுகளை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் அச்சாக இருந்தது. அந்தத் திருப்தியிலேயே, காண்ட்ராக்டர் அண்ணாச்சியின் மோட்டார் சைக்கிளில் ஏறி வள்ளியூருக்குச் சாப்பிடப் போய்விட்டேன். ஒரு மணி நேரம், கூடப் போனால் ஒன்றேகால்.

திரும்பி வந்தால் கொத்தனார் தளத்தை வழவழவென்று தேய்த்து முடித்திருந்தார். “எல்லாம் நீங்க சொன்னபடிதான் சார்” என்றார். அப்போதுதான் கவனித்தேன், மணலில் ஐந்தாறு முட்டுத் துண்டுகள் கிடந்தன. காலில் இடறுகிறது என்று யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். முட்டு இல்லாத கம்பி மேல் ஆட்கள் சட்டி சட்டியாகக் கலவையைச் சுமந்துகொண்டு நடந்திருந்தால் கம்பி எங்கே போயிருக்கும்?

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஈரக் கான்கிரீட், வாரிப் போட்டுவிட்டுத் திரும்பப் போட்டிருக்கலாம். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது. மிச்சமாகிப் போன துண்டுகளாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவற்றைப் பையில் போட்டு மறைத்துக்கொண்டேன்.

அடுத்த இருபத்தெட்டு நாள் நான் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். பக்கத்தில் யாராவது அப்பளத்தை நொறுக்கினால் துள்ளி விழுவேன். பஸ்ஸுக்காக எந்தக் கூரைக்கு அடியிலும் நிற்க மாட்டேன். எங்கள் அம்மா ஏதோ பெண் விஷயம் என்று முடிவு செய்து, விசாரித்து வரச் சொல்லி என் மாமாவையே ஆபீஸுக்கு அனுப்பிவிட்டாள். தினமும் பஸ்ஸில் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “சார்...” என்று ஆரம்பிப்பேன். “என்னவே?” என்பார். “ஒண்ணுமில்ல சார், இன்னைக்கு நல்ல வெயிலு” என்று முடிப்பேன்.

முட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. திறப்பு விழாவுக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. காண்ட்ராக்டர் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். பத்துப் பதினைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் தூரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றன. சார் வந்தார், நாற்காலியை விரித்தார், தளத்தின் நுனிக்கு நேர் அடியில் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தரத்தில் நீட்டிய தளத்துக்கு முட்டுகளை நுனியிலிருந்துதான் பிரிக்க ஆரம்பிக்க வேண்டும். முதல் கம்பைத் தட்டினார்கள். விழுந்தது. “நெல்லையப்பா” என்றார் சார். இரண்டாவது கம்பைத் தட்டினார்கள். அதுவும் விழுந்தது. மூன்றாவது கம்புக்குச் சுத்தியலை ஓங்கினார்கள். ஐயோ, இந்த மனுஷன் ‘கம்பி சரி’ என்று நான் போட்ட கையெழுத்தை நம்பியல்லவா தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்!

“நிறுத்துங்க! சார், எந்திரிங்க, கம்பி கீழ போயிருக்கு!” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடி அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். அடுத்த நிமிஷம் தானே ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். இரண்டு கையாலும் என் நெஞ்சில் கொடுத்துத் தள்ளினார் பாருங்கள், நான் ரோட்டோரத்து மண்ணில் போய் மல்லாக்க விழுந்தேன். “மொதல்ல நீரு வெளிய போம்! ஏலே, எல்லாரும் வெளிய போங்க! அந்த ரெண்டு கம்ப மட்டும் இங்கன எடுத்துக் குடுங்க, பைய, பைய!” என்றார். கம்புகளைத் தன் கையாலேயே நிறுத்தி, ஆப்பு வைத்து இறுக்கிவிட்டு, கடைசி ஆளாகத்தான் வெளியே வந்தார்.

காண்ட்ராக்டர் பாய்ந்தார். “இந்தச் சின்னப் பைய சொல்லுதாம்னு நிறுத்துதீங்களா? திறப்பு விழாவுக்கு நோட்டீஸ் அடிச்சாச்சி சார்!”

“நோட்டீஸ் விழுந்தா யாருக்கும் மண்ட ஒடையாது” என்றார் சார். “எதுக்கும் மேல கொத்திப் பாத்துருவோம்.”

கொத்தனார் தளத்தின் மேல் ஏறி, தூணை ஒட்டி உளியால் கொத்த ஆரம்பித்தார். தளத்தின் கனம் அந்த இடத்தில் ஐந்து அங்குலம். ஓர் அங்குலத்தில் கம்பி தட்டுப்பட வேண்டும். ஓர் அங்குலம் ஆயிற்று, ஒன்றும் இல்லை. இரண்டு ஆயிற்று, இல்லை. கொத்தனார் என்னைப் பார்க்காமல் கொத்திக்கொண்டே இருந்தார். மூன்றைத் தாண்டிய பிறகுதான் ‘ணங்’ என்று கம்பியில் உளி பட்டது.

சார் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வாங்கிய டீயில் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். நான் டம்ளரை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். பையில் மறைத்ததையும் சொல்லி அழுதேவிட்டேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டாமல், தூரத்தில் நின்ற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருபத்தெட்டு நாளு என் பக்கத்துலதானவே உக்காந்து வந்தீரு” என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

நிழற்குடையை முட்டோடு வைத்து உடைத்தோம். திரும்பக் கட்டினோம். எனக்கு மெமோ கொடுக்காமல் இருக்க முடியாது, மூன்று கேள்வி போட்டு அவரே எழுதிக் கொடுத்தார். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, மத்தியானம் என் மேஜைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பதிலையும் அவரே வாசகம் வாசகமாகச் சொல்ல ஆரம்பித்தார். வேலை நடக்கும்போது இடத்தை விட்டு ஏன் போனீர்? “பசின்னு எழுதும், உண்மையத்தான எழுதணும்.” கம்பி ஏன் இறங்கியது? அதற்கும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தார்.

மூன்றாவது கேள்விக்கு வந்தோம். உடனே ஏன் தெரிவிக்கவில்லை?

“இதுக்கு என்ன சார் எழுத?”

“பயம்னு எழுதும்.”

“ஆபீஸ் பேப்பர்ல போயி அப்படி எழுதலாமா சார்?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “பெறகு கடைசியில ஏன் சொன்னீருன்னு கேட்டாலும் அதே பதில்தானவே? அன்னைக்கு உம்ம வேலைக்குப் பயந்தீரு. பெறகு எனக்காகப் பயந்தீரு. ரெண்டாவது பயம் வந்துட்டுல்லா, இனிமே நீரு இன்ஜினியருதான். தைரியமா எழுதும்.”

எழுதினேன். இன்றைக்கும் ஒவ்வொரு வரைபடத்திலும் பயந்து பயந்துதான் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அந்தப் பயத்தைக் கொடுத்த மனுஷன் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்.