ஆவியில் பறந்த மரபணு

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

ஆய்வகத்து வெந்நீர்த் தொட்டிக்குக் காவலிருக்கும் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே அக்கா, பிள்ளைகள், உங்கள் மூட்டுவலி எல்லாரும் நலமா?

நல்ல சேதி. மூன்று வருடத் தற்காலிகப் பிழைப்பு முடிந்து எனக்கு வேலை நிரந்தரமாகப் போகிறது. எப்படி என்று கேளுங்கள். எங்கள் தொட்டியில் எழுபது டிகிரி சூட்டில், விரலை விட்டால் தோல் உரிந்துவிடும் வெந்நீரில், இரண்டு குடுவைகளில் நுண்ணுயிர்கள் சுகமாகக் குடித்தனம் நடத்துகின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். வெள்ளைக்குக் கிருமிக்கொல்லி மருந்து போட்டாலும் சாகாது. அதனிடம் ஒரு மரபணுத் துண்டு இருக்கிறது, ஒரே இடத்தில் கிடக்காது, ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்குத் தாவும், மருந்தைத் தாங்கும் வித்தையையும் கூடவே கொண்டுபோகும். மஞ்சள் பாவம், மருந்து பட்டால் அன்றே காலி. இரண்டையும் ஒட்டவிடாமல் தீனி போட்டு வளர்ப்பது என் வேலை. போன செவ்வாய் எங்கள் ஆய்வகத் தலைவி மேடம் மஞ்சளுக்கு மருந்து வைத்தார், சாகவில்லை, மறுநாளும் வைத்தார், கொழுப்புதான் கூடியது. "ரெண்டையும் கலந்துட்டீங்களா?" என்றார். "மூடியைக்கூட மாத்தினதில்ல மேடம், என் அக்கா மேல சத்தியம்!" என்றேன். சோதித்தால் வெள்ளையின் துண்டு மஞ்சளுக்குள் சட்டமாக உட்கார்ந்திருக்கு. மேடம் மூணு நாள் சோறு தண்ணி இல்லாம யோசிச்சு, "ஆவியிலேயே பறந்து போயிருக்கு! நாளைக்கு நிறுவனத்துப் பெரியவங்க சபை முன்னாடி சொல்லப்போறேன், உங்க வேலையையும் நிரந்தரமாக்கச் சொல்றேன்"னு குதிச்சாங்க அத்தான்!

ஆகவே அக்கா இனி நிம்மதியாகத் தூங்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, மூட்டுக்கு ஆறுதல்.

இப்படிக்கு,
நிரந்தர மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்முன் வீட்டுக்காரி படித்தாள். "தீனி போடுறப்போ ரெண்டுக்கும் ஒரே கரண்டியா?" என்றாள். மோர்க் கரண்டியைப் பாலில் விட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரண்டி இல்லை, பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழாய். ஆனால் ஒரே பிப்பெட். முதலில் வெள்ளைக்கு, அப்படியே மஞ்சளுக்கு. வாயை மூடிக்கொண்டால் எனக்கு வேலை, நாளைக்குச் சபையில் மேடத்துக்கு மானக்கேடு. மனசு கேட்கவில்லை, போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மேடம் நான் தீனி போட்ட முறையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பிறகு, "தாவினது நிஜம், பறந்ததுதான் பொய். அந்தப் பிப்பெட்டைக் கழுவிட்டீங்களா?" என்றார். "கழுவுற பழக்கம் இருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா மேடம்?" என்றேன். வேலை நிரந்தரமா என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். பின்குறிப்புக்கு மேலே உள்ள நல்ல சேதியையும் சத்தியத்தையும் அக்காவிடம் படித்துக் காட்டாதீர்கள்.