மன்னிக்கப்பட்ட தீ

மழை பொய்த்தாலும் பொய்க்காத விளைச்சல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஹோம்ஸ் வட்டாரத்தில், காரும் கரண்டும் வேண்டாமென்று பழைய கிறிஸ்தவ வழியில் வாழும் ஆமிஷ் மக்கள் விளைவிக்கும் மன்னிப்பு. சோளம் சில வருஷம் கருகும். பாலாடைக்கட்டி சில சமயம் பூஞ்சை பிடிக்கும். மன்னிப்பு கெட்டுப்போனதாகச் சரித்திரமே கிடையாது. அதைத் தரிசிக்கப் பஸ் பஸ்ஸாக ஆள் வருகிறது.

அந்த விளைச்சலின் நடுவே ஐந்து பசுவையும் ஒரு பெண்குதிரையையும் வைத்துப் பிழைத்தவள், கணவனை இழந்த சொவில்லா ஷ்லாபாக். கார் கூடாத சபையில் குதிரைதான் கால். அது வண்டியை இழுத்தால்தான் சொவில்லாவின் வெண்ணெய் சந்தையைப் பார்க்கும்.

ஒரு மத்தியானம் கொட்டகை எரிந்தது. மேயப் போயிருந்த பசுக்கள் பிழைத்தன. உள்ளே கட்டியிருந்த குதிரை பிழைக்கவில்லை.

காரணம், கொழுந்தன் அப்னர். மேசை நாற்காலி செய்து விற்பவர். வாடிக்கையாளர்கள் எல்லாம் வெளியூர். சபையோ செல்போனைத் தடை செய்திருக்கிறது. அப்னர் கட்டுப்பாடான மனிதர். தன் வீட்டில் செல்போன் வைத்துக்கொள்ளவே இல்லை. அண்ணியின் வைக்கோலுக்குள் வைத்துக்கொண்டார், சார்ஜ் ஏற்ற ஒரு பழைய கார் பேட்டரியோடு.

அடுத்த ஆராதனை முடிந்ததும் அப்னர் சபை நடுவே மண்டியிட்டு ஒப்புக்கொண்டார். பிஷப் ரோமன் ரேபர் கை கொடுத்து எழுப்பி முத்தமிட்டார். மன்னிப்பு முழுமையடைந்தது. மன்னித்ததை மறுபடி வாயில் எடுப்பது பாவம் என்பது சட்டம்.

"அப்போ என் குதிரை?" என்றாள் சொவில்லா.

"எந்தக் குதிரை?" என்றார் பிஷப், மனப்பூர்வமாக மறந்துவிட்ட முகத்தோடு. அப்னரின் லாயத்தில் மூன்று குதிரைகள் நிற்பதையும் அதே வேகத்தில் மறந்திருந்தார்.

அந்த வாரமே சபையின் ஆண்கள் திரண்டு வந்து ஒரே பகலில் புதுக் கொட்டகை எழுப்பினார்கள். அந்த அற்புதத்தை நேரில் காண கொலம்பஸ் நகரத்திலிருந்து விட்லாக் என்பவர் வந்திருந்தார். ஒரு பெரிய கம்பெனியின் 'நல்லுறவு அதிகாரி'. கம்பெனியின் கழிவுநீர் நாலு ஊர்க் கிணறுகளைக் கெடுத்துவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு மன்னிக்கத் தெரியவில்லை. எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று பார்த்துவர அவரை அனுப்பியிருந்தார்கள்.

சாப்பாட்டு வேளை. முதல் பந்தியில் அப்னர். சொவில்லா சுட்ட ஆப்பிள் பை முக்கால்வாசி அவர் தட்டில்.

"தீ எப்படிப் பிடிச்சுதும்மா?" என்று கேட்டார் விட்லாக்.

"கொழுந்தனார் போனை எங்க வைக்கோல்ல ஒளிச்சு வெச்சாரு, அதுல பிடிச்சுது. இன்னும் கொஞ்சம் பை வைக்கவா கொழுந்தனாரே?"

பிஷப் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சொவில்லா!" என்றார் பிஷப். "மன்னிச்சு முடிஞ்சத வெளியாள்கிட்ட சொல்றியே. வர்ற ஆராதனையில நீ மண்டிபோடணும்."

"போடலைன்னா?"

"விலக்கி வைப்போம். உன் தங்கச்சி வீட்டுக்குப் போனாலும் உனக்குத் தனி மேசைதான்."

தவறியவரைத் தனியே விட்டுவிடாமல் தனி மேசையாவது போட்டுக் கொடுக்கும் அந்தப் பரிவை எண்ணி விட்லாக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிறு. வெளியாட்களை அனுப்பிவிட்டார்கள். விட்லாக் முற்றத்தில் நின்று உருகிக்கொண்டிருந்தார். மூன்று மைல் நடந்து வந்த சொவில்லா, செருப்புத் தூசியோடு மண்டியிட்டாள்.

"உன் பாவத்த ஒளிக்காம முழுசா சொல்லு."

"சொல்றேன் பிஷப். அப்னர் செல்போனை என் வைக்கோல்ல ஒளிச்சு வெச்சாரு, கொட்டகை எரிஞ்சுது, என் குதிரை செத்துது, அவருகிட்ட மூணு குதிரை இருக்கு, ஒண்ணு கூடத் தரல. இத நான் வெளியாள்கிட்ட சொன்னது தப்பு. மன்னிக்கணும்."

பிஷப்பின் மனைவி முத்தமிட்டு எழுப்பினாள். எழுந்த பிறகுதான் பிஷப்புக்கு உறைத்தது.

"ஏம்மா, இப்ப மறுபடியும் சொல்லிட்டியே!"

"ஆமா பிஷப். பெரிய பாவம். அடுத்த ஆராதனையில மண்டிபோட்டுடறேன்."

போட்டாள். முழுசாகச் சொன்னாள். அடுத்ததிலும் போட்டாள். சபையில் அவ்வளவு பயபக்தியான பாவியை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு விவரம் கூடியது: பேட்டரி என்ன நிறம், போனில் என்ன பாட்டு அடித்தது, குதிரை எப்படிக் கத்தியது. பெண்கள் வரிசை ஆராதனைக்குச் சீக்கிரமே வர ஆரம்பித்தது.

நாலாவது முறை அப்னர் துள்ளி எழுந்தார். "போதும்! இவள இனிமே என்னால மன்னிக்க முடியாது!"

சபை மூச்சை இழுத்துக்கொண்டது. மன்னிக்க மறுப்பதைவிடப் பெரிய பாவம் அங்கே கிடையாது.

"மண்டிபோடு அப்னர்," என்றார் பிஷப் களைத்துப்போய். "ஏன் மன்னிக்க முடியலைன்னு... முழுசா சொல்லு."

அப்னர் வாயைத் திறந்தார். திரும்பி அண்ணியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை சொவில்லாவின் கொட்டகை வாசலில் ஒரு குதிரை நின்றது. கயிற்றின் மறு முனையில் அப்னர்.

"இனிமே பேசமாட்டீங்கல்ல அண்ணி?"

"எதப் பத்தி கொழுந்தனாரே?"

அத்தனை வாரமும் ஊரிலேயே தங்கிவிட்ட விட்லாக் விடைபெற வந்தபோது அவள் புதுக் குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "நஷ்டப்பட்டவங்களே எந்தக் கேள்வியும் கேக்காம மன்னிக்கிறாங்க. இவ்வளவு பெரிய மனசு எப்படிம்மா வருது? எங்க கிணத்துக்காரங்களுக்குச் சொல்லணும்."

சொவில்லா வாரை இறுக்கினாள்.

"மனசெல்லாம் ஒண்ணுமில்ல சார். எங்க ஊர்ல தீயை அணைக்க ஆள் வர்றதுக்கு முன்னாடியே, எரிஞ்சவ வாயை மூட ஆள் வந்துடும்."

விட்லாக் நெகிழ்ந்துபோய், 'அண்டை அயலாரின் உடனடி உதவி' என்று குறித்துக்கொண்டார்.