பத்து மடங்கும் அத்தானின் பித்தளை வில்லையும்

2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை, காலை 9.40. மழை விட்டுப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. தேக்கா சந்தையின் உணவுக்கடைப் பகுதியில், சட்டைப்பையில் ஒரு வில்லையோடு, நான் பத்து மடங்கின் எதிரே போய் உட்கார்ந்தேன்.

சிங்கப்பூரில் பழையது என்று எதுவுமே கிடையாது என்று நிரூபிப்பதற்காகவே பிறந்தவர் பத்து மடங்கு. முப்பத்தாறு வருடம் அடகுக்கடையில் நகை மதிப்பிட்டவர். எதையும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும்; அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஓய்வு பெற்ற நாளில் முதலாளி பரிசளித்த கைக்கடிகாரத்தை மேடையிலேயே லென்ஸில் பார்த்து, "முலாம்" என்று நன்றியுரையில் சொன்னார். உண்மைப் பெயரை நான் ஒன்பது வருடப் பழக்கத்தில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் "எதுக்கு சார்?" என்றார்.

புதுமனைப் புகுவிழா ஒன்றில், முந்நூறு வருடத்துக் குத்துவிளக்கு என்று வீட்டுக்காரர் பெருமையாகக் காட்டினார். பத்து மடங்கு தரையில் குப்புறப் படுத்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "போன வருஷ வார்ப்பு" என்றார். விருந்தினர் நாற்பது பேர். வயிறாரச் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான். மீன்கடையில் வவ்வால் மீனின் கண்ணை லென்ஸில் பார்த்து "நேத்து வந்தது" என்று சொல்லப்போய், அந்தக் கடை இருக்கும் வரிசைக்கே அவர் போக முடியாமல் ஆயிற்று. எனக்குச் சர்க்கரை ஏறியபோது, ஏதாவது ஆறுதல் சொல்லமாட்டாரா என்று ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "நல்ல தாள் சார்" என்றார்.

அப்படிப்பட்டவரிடம் அந்த வில்லையைக் கொண்டுபோனது என் அக்காவுக்காக. அத்தான் காலமாகி மூன்று மாதம். அவருடைய சவரப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அது அகப்பட்டது. பித்தளை. ஐம்பது காசு அளவு. ஒரு பக்கம் ஒரு பெண், முன்புறம். மறுபக்கம் அதே பெண், பின்புறம். கொலுசு இரண்டு, துணி பூஜ்யம். சுற்றிலும் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு விடுதியின் பெயர், 'ஒருமுறை அனுமதி', 1962 என்ற ஆண்டு.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது 1968இல். அவள் அத்தானின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். எட்டு நாளாக விளக்கு ஏற்றவில்லை. கல்யாணத்துக்கு முந்தியது என்றால் மன்னித்துவிடுவாளாம். பிந்தியது என்றால் படம் பூஜை அலமாரிக்குத் திரும்பாதாம். ஆக, அந்த 1962 நிஜமா என்று தெரிந்தாக வேண்டும்.

பத்து மடங்கு வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பொருளுக்கு உரியவரிடம் மட்டுமே தீர்ப்பைச் சொல்வது அவர் வழக்கம். ரயிலில் பத்து நிலையம், பிறகு எல்ஆர்டி என்னும் குட்டி ரயில், சுவா சூ காங்கில் அக்கா வீடு.

அக்கா முன்னால் வில்லைப் பெண்ணை அப்படியே பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, தமிழ் நாளிதழ் ஒன்றைக் கேட்டு வாங்கி, பயறளவு துளையிட்டு, வில்லைமேல் விரித்தார். துளையை நகர்த்தி நகர்த்தி, பெண்ணைத் துண்டு துண்டாகப் பதினேழு நிமிடம் பரிசோதித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"போலி. இருவது வருஷத்துக்குள்ள செஞ்சது."

அக்காவின் முகம் கறுத்தது. கல்யாணத்துக்குப் பிந்தியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் அவசரப்படாமல் விளக்கினார். இது எந்த விடுதி வாசலுக்கும் போனதல்ல. சும்மா சிரிப்புக்காக வார்ப்பதை, பழசு என்று சொல்லிச் சந்தையில் விற்பார்கள். அத்தான் பழைய நாணயம் என்று நம்பி வாங்கியிருப்பார். ஏமாந்துவிட்டார், அவ்வளவுதான்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றாள் அக்கா.

"பையில கெடந்து தேஞ்சா, மேடான எடந்தான் மொதல்ல தேயும். இதுல மூக்கு தேஞ்சிருக்கு. ஆனா…"

அவர் சுவரைப் பார்த்தார்.

"சொல்லுங்க ஐயா. நான் மூணு புள்ள பெத்தவ."

"மூக்கவிட மேடான எடம் ரெண்டு இருக்கும்மா. அது ரெண்டும் புதுசாவே இருக்கு. செஞ்சவன் அரத்தால மூக்க மட்டும் ராவிட்டு விட்டுட்டான். அதக் கெடுத்தா வெல போகாதுல்ல."

இத்தோடு முடிந்தது, அக்கா நிம்மதியாக விளக்கேற்றுவாள் என்று நினைத்தேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜூரோங் கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருடம் சாமான் கிடங்கைக் கட்டிக் காத்தவராம் அத்தான். ஓர் ஆணி குறைந்தாலும் கண்டுபிடிப்பவராம். அவரை ஒரு சந்தைக்காரன் ஏமாற்றினான் என்றால் யார் நம்புவது?

"நல்லாப் பாருங்க ஐயா. பழசாத்தான் இருக்கும். அவரு போயிருப்பாரு. எளந்தாரி வயசு, போனா போயிட்டுப் போறாரு. ஆனா ஏமாந்தாருன்னு மட்டும் சொல்லாதீங்க."

என் அக்கா, எழுபத்தொன்பது வயதில், கணவர் தப்பான வீட்டுக்குப் போனார் என்று வாதாடிக்கொண்டிருந்தாள். பத்து மடங்கு ஒருமுறை சொன்ன தீர்ப்பை மாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அன்றும் மாற்றவில்லை. லென்ஸை மடித்து வைத்துவிட்டு, முதுகு காட்டி நின்ற படத்தைச் சிறிது நேரம் பார்த்தார்.

"போலிதாம்மா. ஆனா சாதாரணப் போலி இல்ல. காலைல வெறுங்கண்ணால பாத்தப்ப நானே பழசுன்னுதான் நெனச்சேன். சந்தையில கண்டிருந்தா எண்பத்தஞ்சு வெள்ளி குடுத்திருப்பேன்."

காலையில் வில்லையை வாங்கிய இரண்டாவது நொடியே அவர் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்தவன் நான். வாயைத் திறக்கவில்லை.

அக்கா சுலபத்தில் விடுகிறவள் அல்ல. "எனக்காகச் சொல்றீங்க. நெசமா இருந்தா அந்த வெலைக்கு நீங்களே எடுத்துக்குங்க பாப்போம்."

பத்து மடங்கு பணப்பையை எடுத்தார். ஓர் ஐம்பது டாலர் தாள், மூன்று பத்து, ஓர் ஐந்து. மேசைமேல் வைத்து, வில்லையை நாளிதழில் பொட்டலமாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பணப்பையில் அதற்குமேல் ஒரு தாளும் இல்லை.

அக்கா எழுந்து போய்ப் படத்தைத் திருப்பினாள். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

மின்தூக்கியில் இறங்கும்போது நான் பாதிப் பணமாவது தருகிறேன் என்றேன். "எதுக்கு சார்?" என்றார். தங்கத்திலும் கல்லிலும் மீனிலும்கூட ஏமாறாத அந்த மனிதர் தெரிந்தே ஏமாந்தது அந்த ஒருமுறைதான். அதற்கு அவருக்கு ஆன செலவு எண்பத்தைந்து வெள்ளி.