தாமாசோ பிடித்துக்கொண்ட சேனல்

புந்தா மங்லே மீனவர் குடியிருப்பில் அந்த மாதம் ஆவிகளுக்கு ஓயாத வேலை. செத்தவர்கள் ஒருவரும் கல்லறையில் சும்மா படுத்திருக்கவில்லை. கூரைக்குக் கூரை ஏறி டிஷ் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். அதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள்: பாதி சேனல் நன்றாக ஓடும், மீதிப் பாதியில்தான் 'சிக்னல் இல்லை'.

ஆவியை இறக்க பிரதர் சில்வேரியோ இருந்தார். கழுத்தில் மூன்று ஜெபமாலை, இடுப்பில் புத்தம்புது செல்போன், கையில் புனித நீர் பாட்டில். போன மாதம் படகுகளை மந்திரிக்கும் திருநாளன்று, "படகுக்கு மட்டும் போதுமா, டிஷ்ஷுக்கு வேண்டாமா?" என்று கேட்டு, கூரை கூரையாக ஏறி, கம்பி சேரும் இடம் பார்த்துப் புனித நீர் ஊற்றியவர் அவர்தான். அவர் ஊற்றிய வீடுகளுக்கே ஆவி தேடி வந்ததென்றால் ஆவிக்கு எவ்வளவு திமிர் பாருங்கள்! அவர் மறுபடி ஏறுவார், தலையோடு துணியைப் போர்த்திக்கொண்டு ஜெபிப்பார், சேனல் வந்துவிடும். வீட்டுக்காரர்கள் கோழியும் ரம்மும் கொடுத்துக் கும்பிடுவார்கள். துணிக்குள் என்ன நடந்தது என்று கேட்பது பாவமாம்.

எர்சிலியா வீட்டு ஆவிக்குத்தான் கோழி போதவில்லை. அவள் புருஷன் தாமாசோ செத்து நாலு மாதம். அவன் விட்டுப்போனது ஒரு படகு மோட்டார். அதைக் கடலுக்குப் போகிறவர்களிடம் வாடகைக்குக் கொடுத்து, வருகிற மீன் பங்கில் அவள் அடுப்பு எரிந்தது.

சில்வேரியோ கண்ணை மூடினார். "உன் புருஷன்தாம்மா. ஒன்பதாம் நாள் ஜெபத்தை விட்டுட்டு பேஸ்பால் ஃபைனல் பாக்கப் போனியே, அந்தக் கோவம். விளையாட்டுச் சேனலைப் பிடிச்சிக்கிட்டு விடமாட்டேங்கறான். மோட்டாரை என் கையில ஒப்படைச்சாத்தான் இறங்குவானாம்."

போனது நிஜம். அன்று ஜெபத்துக்கு உட்கார்ந்த ஊரே அவளோடு எழுந்து போனது. ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதியை ஆவிதான் வந்து சில்வேரியோவின் காதில் ஓதியதாம்! ஆனாலும் எர்சிலியாவுக்கு நெஞ்சு சுட்டது. மறுநாள் காலையிலேயே மோட்டாரைக் கழற்றித் தர மெக்கானிக் யோமைராவை அழைத்துவிட்டாள்.

யோமைரா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "என் வீட்டுக் கூரையில அந்தாளை ஏற விடல. எனக்கு ஒரு சேனலும் போகல. எங்கப்பன் செத்துப் பத்து வருஷமாச்சு, அவருக்கு மட்டும் ஏணி ஏறத் தெரியலையாக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் கூரையேறினாள். இறங்கும்போது பச்சை பூத்த கனெக்டர் ஒன்று கையில் இருந்தது. "நாக்குல வெச்சுப் பாரு."

"உப்பு!"

"கடல் தண்ணி. அந்தாள் புனித நீர்னு ஊத்துனது இதைத்தான். இது பட்டா மோட்டார் பிளக்கும் இப்படித்தான் பூக்கும். பாதி சேனலுக்குக் கம்பி வழியா கொஞ்சம் கூடுதலா கரண்ட் மேல போகணும். இந்தப் பச்சை அதை விடாது. அவ்வளவுதான் உன் ஆவி."

மறுபடி ஏறி, இரண்டு விரல் நீளம் கம்பியை வெட்டினாள். புதுக் கனெக்டர் மாட்டினாள். விளையாட்டுச் சேனல் கூச்சலோடு வந்தது.

எர்சிலியா அப்படியே உட்கார்ந்து அழுதாள். "அவரே மனசு எறங்கி விட்டுட்டாரோ என்னவோ?"

"சாயங்காலம் அந்தாள் வருவாரில்ல? அவர்கிட்டயே கேட்டுரு."

சாயங்காலம் முற்றம் கொள்ளாத கூட்டம். எர்சிலியாவும் யோமைராவும் டிவியை வெளியே கொண்டுவந்து வைத்து, சத்தத்தை அணைத்து, மேலே மேஜை விரிப்பைப் போட்டிருந்தார்கள். சில்வேரியோ நீரைத் தெளித்து, கண்ணைச் செருகிக்கொண்டார்.

"இருக்கான்! ரெண்டு கையாலயும் விளையாட்டுச் சேனலைப் பிடிச்சிருக்கான்!"

"இப்பவுமா பிரதர்? நல்லா பாத்துச் சொல்லுங்க."

"இப்பவும்தான்! என் கையைக் கடிக்கிறாம்மா! மோட்டாரை எடுத்து வை!"

எர்சிலியா விரிப்பை உருவிச் சத்தத்தைக் கூட்டினாள். ஒருவன் பந்தை விளாச, டிவிக்குள் மைதானமே எழுந்து ஆர்ப்பரித்தது.

சில்வேரியோவா அசருகிற ஆள்? "பாத்தீங்களா, துரத்திட்டேன்!" என்றார். கூட்டமும் "அற்புதம்! அற்புதம்!" என்று கை தட்டியது. "காலையிலேர்ந்து ஓடுதுய்யா!" என்று யோமைரா கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. தட்டிப் பழகிய கைகள். மூளையைக் கேட்டுக்கொண்டா தட்டும்?

எர்சிலியாவுக்கு அழுகை போய் ஆத்திரம் வந்தது. செத்தவனைத் திருடனாக்கி, தன் சோற்றைப் பறிக்க வந்தவனை நேராகப் பார்த்தாள். சில்வேரியோவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"பிரதர், படகுக்குத் தெளிச்சீங்க, டிஷ்ஷுக்கு ஊத்துனீங்க. உங்க செல்போன் என்ன பாவம் செஞ்சுது? சார்ஜ் போடற ஓட்டையில ஒரே ஒரு சொட்டு விடட்டுமா?"

சில்வேரியோவின் இரண்டு கையும் இடுப்புக்குப் பாய்ந்தன. "ஐயோ, வேணாம்! கெட்டுப்போயிடும்!"

கைதட்டல் நின்றது.

அடுத்த நிமிடம் அவர் வேலியைத் தாண்டினார். ஜெபத்துணி முள்ளில் மாட்டி அவிழ்ந்தது. உள்ளிருந்து ஒரு குறடும், தலைநகர் சான்டோ டொமிங்கோவின் கடைச் சீட்டு ஒட்டிய ஒரு பை கனெக்டரும் விழுந்தன.

கூட்டம் யோமைராவின் பக்கம் மொத்தமாகத் திரும்பியது. முன்னால் நின்ற ஒருத்தி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தாயே, நீதாம்மா நிஜமான சக்தி! எங்க கூரையிலயும் வந்து ஒரு கை வெச்சிட்டுப் போ!"

எர்சிலியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கம்பியில பூத்த பச்சையை அவ வெட்டிடுவாடி. உங்க மண்டையில பூத்ததை எவ வந்து வெட்டுவா?"