பெரியவனுக்கு எந்த ஆயில்?

கன்னியப்பன் அன்று காலை பல் தேய்க்கும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். எப்பாடு பட்டாவது தேவகியை வீட்டுக்கு வரவழைத்துவிட வேண்டும். ஆனால் "வா" என்று மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடக் கூடாது.

பெண்டாட்டியைக் கேட்டால் என்னவாம்? அங்கேதான் சிக்கல். அண்ணி கால் உடைந்து கிடக்கிறாள், கழனியில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களையெடுக்கிற நேரம் வேறு, ஒரு பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று தேவகி ஒடுகத்தூர் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். அப்போது இந்த மனுஷன் தெருவே கேட்கிற மாதிரி சொன்னார்: "பத்து நாள் இன்னா, பத்து மாசம் இருந்துட்டு வா. எனக்கு இன்னா பேஜாரு?"

தேவகி சொன்ன பேச்சு கேட்கிறவள். இரண்டு மாசம் தாண்டிவிட்டது.

ஆம்பூரில் சாப்பாட்டுக்குப் பஞ்சமா? பிரியாணியாகத் தின்று தீர்த்தார். தோல் பதனிடுகிற ஷெட்டின் நாற்றத்துக்கே மூக்கைப் பொத்தாத மனுஷன், கடைசியில் பிரியாணிக் கடையைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். வீட்டில் ஏதாவது குரல் கேட்கட்டும் என்று நாளெல்லாம் டிவியைப் போட்டு வைத்தார். செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் இவரும் எழுந்து வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மகன் கௌதம் ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "சாப்ட்டியாப்பா?" என்பான். பதில் முடிவதற்குள் வைத்துவிடுவான். தனிமை மனுஷனைத் தின்றது. ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டாதீர்கள், அவர் போட்ட திட்டத்தைக் கேளுங்கள்.

கன்னியப்பனுக்கு ஒரு லாரி உண்டு. ஷெட்டிலிருந்து ராணிப்பேட்டைக்குத் தோல் ஏற்றுகிற லாரி. தேவகி அதைப் 'பெரியவன்' என்பாள். கௌதம் சின்னவன். வாங்கிய நாளிலிருந்து ஒரு வழக்கம்: இன்ஜினுக்கோ கியர் பெட்டிக்கோ எந்த ஆயில் மாற்றினாலும் முதல் கரண்டி தேவகி கையால்தான் ஊற்ற வேண்டும். அவளுக்கு அப்படி ஒரு கைராசி. புருஷனுக்காக வராதவள் பெரியவனுக்காக வருவாள் அல்லவா?

பெரியவனுக்கோ ஒரு நோயும் இல்லை. அதனால் இவரே ஒரு நோயை வரவழைத்தார். கியர் பெட்டிக்கு ஊற்றுவது எண்பது நம்பர் ஆயில். நூற்றி நாற்பது பின் அச்சுக்கு. வெல்லப்பாகு மாதிரி கெட்டி. இது பைபாஸில் டீ குடிக்கிற எந்த டிரைவருக்கும் தெரியும். தெரிந்தே அந்தப் பாகைக் கியர் பெட்டியில் ஊற்றினார். மறுநாள் காலைக் குளிரில் கியரைப் போட்டால், கியர் ராடு அசைவேனா என்றது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உருட்டி உருட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் ஜியாவுதீன் ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார். பிறகு கன்னியப்பனைப் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க பாய்."

"நான் இன்னாத்துக்குச் சொல்லப்போறேன்?" என்றார் ஜியாவுதீன்.

உடனே ஒடுகத்தூருக்குப் போன் போனது.

"தேவகி, பெரியவனுக்கு ஒடம்பு சரியில்ல."

"ஐயையோ, இன்னா ஆச்சு?"

போன வாரம் தனக்கு ஜுரம் என்றபோது இந்த 'ஐயையோ' வரவில்லையே என்று கன்னியப்பனுக்கு வயிறு எரிந்தது.

"கியர் விழ மாட்டேங்குது. ஆயில் மாத்தணும்."

"மாத்து."

"எத ஊத்துறதுன்னு ஒரே கொழப்பம். பாய் எண்பதுன்றாரு. நான் நூத்தி நாப்பதுன்றேன்."

"இத்தினி வருசமா எண்பதுதானய்யா ஊத்தறோம்?"

"மறதி ஜாஸ்தியாய்டுச்சு. அத வுடு. நீ வந்து மொத கரண்டி ஊத்தாம எப்டி?"

"பக்கத்து வூட்டு பில்கிஸ ஊத்தச் சொல்லேன்."

"அவ கைராசி தெரியாதா? அவ காச்சுற பாலே திரிஞ்சி போவுது!"

அந்தப் பக்கம் தேவகி அண்ணனிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

"சரி. வெள்ளிக்கெழம வர்றேன். நீ பழைய ஆயில எறக்கி வை."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மனுஷன் வீட்டைக் கழுவினார். பிரியாணி டப்பாக்களை மூட்டை கட்டி வெளியேற்றினார். தலைக்கு மை அடித்தார். பாதி காதுக்குப் போய்விட்டது. மல்லிகைப்பூ வாங்கி வந்தார். பில்கிஸ் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, யாருக்கு நிக்காஹ்?"

"வண்டிக்கு ஆயில் மாத்தறோம்மா."

"ஆயில் மாத்தறதுக்கா பூ?"

கன்னியப்பன் பூவோடு பட்டறைக்கு நடந்தார்.

பட்டறை எதிரிலேயே தேவகி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கையில் துணிப்பை இல்லை, ஒரு சின்னப் பர்ஸ் மட்டும். யாராவது பின்னாலிருந்து பையை இறக்கித் தருவார்கள் என்று இவர் பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் தரவில்லை. அப்படியென்றால் தங்க வரவில்லை. அவள் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள், சாமியைக் கும்பிட்டு முதல் கரண்டி ஊற்றினாள். ஜியாவுதீன் மிச்சத்தை ஊற்றி மூடிவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஓட்டிப் பாக்கலாமா?" என்று தேவகி தானே ஏறி உட்கார்ந்தாள்.

கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. அவள் ஊர்க்கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கன்னியப்பனுக்கு வறண்டு கிடக்கிற பாலாறே தண்ணீரோடு ஓடுகிற மாதிரி இருந்தது. சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று நல்ல ரோட்டில்கூட மூன்றாவது கியரிலேயே உருட்டினார். பின்னால் வந்தவனெல்லாம் திட்டிவிட்டுப் போனான்.

பள்ளிகொண்டா வந்தது. "திரும்பிடலாமா?"

"வண்டி சூடானாத்தான கியர் எப்டின்னு தெரியும்? வலது பக்கம் போ."

வலது பக்கம் போனார். அணைக்கட்டு தாண்டியும் வண்டிக்குச் சூடு போதவில்லை. கடைசியில் ஒடுகத்தூரில், அவள் அண்ணன் வீட்டு வாசலில்தான் போதுமான சூடு வந்தது. அங்கே மல்லாட்டை மூட்டை மலையாகக் கிடந்தது.

"வா மாப்ள!" மச்சான் ஓடி வந்தார். "சீசன்ல ஒரு லாரி கெடைக்கல. பெரியவன இட்டாறேன்னு தேவகி அப்பவே சொன்னா!"

மச்சான் மகன் அருணகிரி சாவியை வாங்கிக்கொண்டான். மல்லாட்டை முடிகிறவரை வண்டி இங்கேயே ஓடுமாம், அவனே ஓட்டுவானாம்.

பஸ் ஸ்டாண்டுவரை தேவகி கூட வந்தாள்.

"நீ ஊத்துன ஆயில பத்தி பாய் அன்னிக்கே போன்ல சொல்லிட்டாரு" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் வந்தே?"

"லாரி வேணுமேய்யா."

கன்னியப்பனின் வீறாப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "வீட்ல தனியா இருக்க முடியல தேவகி. டிவி பொட்டியோட பேசிக்கினு இருக்கேன். வந்துடேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "இதக் கேக்க ஒனக்கு ரெண்டு மாசமாச்சா? அண்ணி இப்பதான் செவுத்தப் புடிச்சி நிக்குது. எப்டி வுட்டுட்டு வர்றது?"

"அப்போ நானும் இங்கயே இருந்துடறேன்!"

தேவகி முந்தானையால் அவர் காதிலிருந்த மையைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்குக் கேஸ் சிலிண்டர் வருது, காலைலயே புக் பண்ணிட்டேன், வூட்ல ஆள் இல்லன்னா திருப்பி எடுத்துட்டுப் போய்டுவான், பஸ் ஏறு."