கீரி சறுக்கியதும் பன்றி உருண்டதும்

ஒரு காட்டில் பாசி படர்ந்த பாறை ஒன்று இருந்தது. சிங்கராஜா, நரி மந்திரி எல்லாம் அங்கே கிடையாது. அவர்களைத் தேடுகிறவர்கள் வேறு கதைக்குப் போகலாம். ஐப்பசி பிறந்ததும் அந்தப் பாறையில் சறுக்குப் போட்டி நடக்கும். ஜெயிப்பவருக்கு அடைமழை முடியும்வரை ஒழுகாத குகை. காட்டிலேயே ஒழுகாத குகை அது ஒன்றுதான்.

செண்பகம் என்ற கீரிக்கு அந்தக் குகை வேண்டியிருந்தது. அவளுடைய வளைக்குள் தண்ணீர் புகுந்து, நாலு குட்டிகளும் இருமிக்கொண்டிருந்தன. சறுக்குவதில் அவள் கெட்டிக்காரி. நடுப்பாறையில் ஒற்றைக் காலில் வளைந்து திரும்புவாள் பாருங்கள், கீழே நிற்கிற எருமைகூட அசைபோடுவதை நிறுத்திவிடும்.

முன்பெல்லாம் நடுவர் ஆமையார் பார்த்துவிட்டு, "நல்லாருந்துச்சு, குகைய எடுத்துக்க" என்பார். அவ்வளவுதான். போன வருஷம் குகை ஆமையாரின் சம்பந்திக்குப் போனது. சம்பந்தி பாறையில் ஏறவே இல்லை. காடே கூடிக் கத்தியது.

அதனால் விதிப்புத்தகம் வந்தது. ஒரு சுற்றுக்குப் பத்துப் புள்ளி. பாதிப் பாறைக்குக் கீழே சுற்றினால் இரட்டிப்பு. வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றினால் கூடுதலாக இரண்டு. விழுந்தால் ஒன்று குறையும். அழகுக்கு எத்தனை என்று யாரோ கேட்டார்களாம். அதை அளக்கத் தராசு கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

போட்டியன்று முயல் பாதிப் பாறைவரை நடந்தே வந்தது. மான் அங்கே உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது. பாதியைத் தாண்டியதும் இரண்டும் தலை கிறுகிறுக்கச் சுற்றின. முயலுக்கு வால் எங்கே இருக்கிறது? இருந்ததைத் தூக்கியது.

அடுத்து காட்டுப்பன்றி பேச்சிமுத்து. முதல் அடியிலேயே வழுக்கி, 'ஐயோ அம்மா' என்று அலறியபடி அடிவாரம்வரை உருண்டான். நாற்பத்து மூன்று சுற்று.

"எத்தன தடவ விழுந்தான்?" என்று கேட்டார் ஆமையார்.

"ஒரு தடவதாங்க," என்றது கணக்கெழுதும் கொக்கு. "எந்திரிச்சாத்தானே மறுபடி விழுறதுக்கு?"

கடைசியாகச் செண்பகம் சறுக்கினாள். உச்சியிலிருந்து அடிவாரம்வரை ஓர் இடத்திலும் தயங்கவில்லை. எருமை அசைபோடவில்லை. கீழே வந்து கொக்கின் நோட்டை எட்டிப் பார்த்தால், வெற்றுத்தாள்.

"ஏன் எழுதல?"

"பாத்துட்டே இருந்துட்டேம்மா. மனச என்னவோ பண்ணிருச்சு."

ஆமையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் ஆயுசுல இப்படி ஒண்ணப் பாத்ததில்ல தாயி. ஆனா எழுதாததுக்குப் புள்ளி குடுத்தா விதி என்னத்துக்கு?"

"மறுபடி சறுக்கட்டுமா?"

"மறுபடியும் அழுதுருவோமே."

செண்பகத்துக்குச் சுழியம். பேச்சிமுத்துவுக்குக் குகை. எதற்குக் கொடுத்தார்கள் என்று அவனுக்கே கடைசிவரை புரியவில்லை. அந்த மழை முழுக்க அவள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு மரம் மரமாக ஒதுங்கினாள். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. படிவம் வாங்கி, மூன்று பிரதி எடுத்து மேல்முறையீடும் செய்தாள். அதன் பலனாகப் புது விதி ஒன்று வந்தது: நடுவரை மெய்மறக்கச் செய்தால் ஐம்பது புள்ளி குறையும்.

மழை விட்டதும் பேச்சிமுத்து குகை வாசலில் உருளல் பயிற்சி மையம் திறந்தான். முதல் ஆளாகச் சேர்ந்தவள் செண்பகம்.

அடுத்த ஐப்பசியில் அவள் பாறை உச்சிக்கு ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டாள். வாலைத் தூக்கியபடி உருண்டாள். ஐம்பத்தோரு சுற்று. கொக்கு நிறுத்தாமல் எழுதியது. எருமை நிறுத்தாமல் அசைபோட்டது.

ஒழுகாத குகையில் குட்டிகள் இருமாமல் படுத்தன. கடைக்குட்டி மட்டும் கேட்டது, "அம்மா, நல்லா சறுக்குனியா?"

"நல்லா எழுதுனாங்க கண்ணு. தூங்கு."

நீதி: நன்றாகச் சறுக்குவது குற்றமில்லை, ஆனால் நடுவரின் பேனா நின்றுபோகும் அளவுக்குச் சறுக்கினால் பிள்ளைகள் நனையும்.